ஒன்லைனில் ஒரு தூக்கப் பாடம்

1. குறட்டை

வார்டில் பல வருடங்கள் ஓடியாடி வேலை செய்துவிட்டு, பிறகு தாதியர் பயிற்சிக் கல்லூரிக்கு டியூட்டராக வந்தவள் நான். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலமே இருக்கும்போது கொரோனா வந்தது. கல்லூரியை மூடினார்கள். இனி லெக்சர் எல்லாம் ஒன்லைனில்தான் என்று உத்தரவு வந்தது. நோயாளியின் கையில் நரம்பு கிடைக்காவிட்டால் வார்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் லெப்டொப்பில் மைக் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். ஹற்றனில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, பிஸ்கட் டின்களின் மேல் லெப்டொப்பை ஏற்றி வைத்தார். சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இப்பதான் மொகம் தெரியுது. இவ்வளவு நேரம் மூக்கு மட்டும்தான் தெரிஞ்சிச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் என் புதிய வகுப்பறை.

மாணவிகளும் புதியவர்கள். தெரிவாகியிருக்கிறீர்கள் என்ற செய்தி கையில் கிடைத்ததும் நாடு மூடிக்கொண்டது. கல்லூரி வாசலை மிதிக்காமல், சீருடையைத் தைக்காமல், அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே தாதி மாணவிகளானார்கள். மஸ்கெலியா, நல்லதண்ணி, கொத்மலை, நுவரெலியா என்று மலைநாடு முழுக்கச் சிதறியிருந்தார்கள். ஒருத்தியின் முகமும் எனக்குத் தெரியாது.

முதல் பாடமாக என்ன எடுக்கலாம் என்று யோசித்தேன். வழக்கமாகக் கட்டில் விரிப்பதில்தான் தொடங்குவோம். திரையில் கட்டிலை எப்படி விரிப்பது? எந்தச் சாமானும் தேவைப்படாத பாடமாகப் பார்த்து 'ஓய்வும் தூக்கமும்' என்ற அத்தியாயத்தை எடுத்தேன். தூக்கத்தில் எத்தனை நிலைகள், ஆழ்ந்த தூக்கத்தில் மூச்சு எப்படி மாறும், தூக்கம் கெட்ட நோயாளிக்குப் புண் ஏன் ஆறுவதில்லை என்று உற்சாகமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆழ்ந்த தூக்கத்துக்கு வந்தபோது ஒரு குறட்டை கேட்டது.

சாதாரணக் குறட்டை இல்லை. அடியில் தொடங்கி, மேலே ஏறி, உச்சியில் கொஞ்சம் நின்று, விசிலோடு இறங்கியது. யாருடைய மைக் திறந்திருக்கிறதோ அவருடைய பெயரைச் சுற்றி மஞ்சள் கோடு விழும். அந்தக் கோடு 'யோகேஸ்வரி' என்ற பெயரைச் சுற்றி விழுந்தது. அவள் கெமரா மூடியிருந்தது.

ஒரு நொடி எல்லோரும் அடக்கிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யோகேஸ்வரி, டெமோ நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் மைக்க மூடிக்கம்மா" என்றேன். உடனே மஞ்சள் கோடு மறைந்தது. அன்று மாலைக்குள் வகுப்புக் குரூப்பில் அவளுக்கு 'டீப் ஸ்லீப்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் மறுத்து ஒரு வார்த்தை எழுதவில்லை. சிரிக்கிற படம் ஒன்றை மட்டும் போட்டிருந்தாள்.

2. இருபத்தைந்து மில்லி

அந்தச் சிரிப்பு இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வருவது குறையத் தொடங்கியது. கெமராவைப் போடச் சொன்னால் கன்னத்தில் பாயின் தடத்தோடு ஒருத்தி, கண் சிவந்து ஒருத்தி, நெற்றியை மட்டும் காட்டி ஒருத்தி. யோகேஸ்வரியிடமிருந்து பெரும்பாலும் எதுவும் வராது. பெயர் மட்டும் திரையில் இருக்கும்.

ஆச்சரியம் என்னவென்றால், அவள் அனுப்பும் எழுத்து வேலை வகுப்பிலேயே சிறந்தது. உயர்தரப் பரீட்சையிலும் நல்ல பெறுபேறு. படம் வரைந்து பெயர் குறித்திருப்பாள். ஒரு வரியைக்கூட இன்னொருத்தியிடமிருந்து எடுத்திருக்க மாட்டாள். ஆனால் பகலில் கேள்வி கேட்டால் அந்தப் பெண்ணையே காணவில்லை.

இந்த நிலையில்தான் முதல் மதிப்பீடு வந்தது. மருந்துக் கணக்கு. ஒரு குழந்தைக்கு டொக்டர் 125 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். பாணி மருந்தில் ஐந்து மில்லிக்கு 250 மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை மில்லி கொடுப்பாய்? இரண்டரை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். யோகேஸ்வரி இருபத்தைந்து என்று எழுதியிருந்தாள். புள்ளியை விட்டுவிட்டாள்.

கடதாசியில் அது ஒரு புள்ளி. வார்டில் அது பத்து மடங்கு மருந்து.

எங்கள் பிரின்சிபல் மெடம் சிங்களப் பெண்மணி. பெரிய ஆஸ்பத்திரியில் வார்ட் சிஸ்டராக இருந்தவர். கண்டிப்பானவர், ஆனால் ஒருதலையாக நடக்க மாட்டார். விடைகளைப் பார்த்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். இந்தப் பிள்ளை முதல் நாளே வகுப்பில் தூங்கியதாகக் கேள்விப்பட்டேன், இப்போது கணக்கும் இப்படி, அடுத்த பேட்ச்சோடு போகட்டும், அதுவரை வீட்டில் நன்றாகத் தூங்கட்டும் என்றார். அடுத்த பேட்ச் எப்போது வரும் என்று அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது. வீட்டில் நிற்கும் பெண் திரும்பி வருவாளா என்பதும் தெரியாது. இரண்டாவது மதிப்பீடு வரை பொறுத்துப் பார்க்கலாம் மெடம் என்று கேட்டுக்கொண்டேன். சரி, ஒரு தடவைதான் என்றார்.

போனை வைத்த கையோடு யோகேஸ்வரிக்கு எடுத்தேன். அவள் கிசுகிசுவென்று பேசினாள்.

"ஏம்மா இவ்வளவு மெதுவா பேசுற?"

"அப்பா தூங்குறாங்க மிஸ்."

"இந்தப் பகல்லயா?"

"தேயில ஃபெக்டரியில நைட் வேலைங்க மிஸ். விடிஞ்சுதான் வருவாங்க." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள். "அன்னைக்குக் கொறட்ட விட்டதும் அப்பாதான் மிஸ். நான் இல்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. எல்லாரும் ஒன்னத்தானே கேலி பண்றாங்க?"

"அத்தன பேரு முன்னுக்கு அப்பாவ எப்படி மிஸ் சொல்றது?"

மெதுவாக மற்றதையெல்லாம் கேட்டு வாங்கினேன்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அவர்களுக்கு இருப்பது ஒரே காம்பரா, ஒரே அறை. அப்பா பகலில் அதில் தூங்குவார். அம்மா விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவார். அம்மா எழுந்தால் விளக்கு எரியும், அடுப்பு புகையும், எல்லோரும் எழும்ப வேண்டும். இருக்கும் ஒரு போனில் காலையில் இவளுக்கு வகுப்பு, பின்னேரம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் தங்கைக்கு வகுப்பு. நான் போட்டு வைக்கிற நீளமான வீடியோ லெக்சரைப் பகலில் இறக்கினால் டேட்டா தீர்ந்துவிடும். இரவில் டேட்டா மலிவு. அதனால் வீடு அடங்கிய பிறகு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அதை இறக்கி, பார்த்து, எழுதி, படம் எடுத்து அனுப்புவாள். அனுப்பி முடித்துக் கண்ணை மூடினால் அம்மா எழுந்துவிடுவார்.

அந்தக் காம்பராவில் எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். இவளுக்குத்தான் அதில் ஒரு நேரம் வாய்க்கவில்லை.

நானும் கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள்தான். ஆனால் அப்பா தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்ததால் நாங்கள் வளர்ந்தது ஸ்டாஃப் குவாட்டர்ஸில். லயத்தை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருநாளும் அங்கே படுத்துத் தூங்கியதில்லை.

3. பிள்ளைக் காம்பரா

பஸ் ஓடத் தொடங்கியதும் ஒருநாள் யோகேஸ்வரியின் வீட்டுக்குக் கிளம்பிப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. நேரில் பார்த்தால் ஏதாவது வழி தெரியும் என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான். மஸ்கெலியாவில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். பாதி வழியில் ஓட்டோக்காரர், இதுக்கு மேல டயர் ஏறாது மிஸ், இந்தப் படியால போங்க, லயம் வந்துரும் என்று இறக்கிவிட்டார். மூச்சு வாங்க ஏறினேன். கீழே நீர்த்தேக்கம் வெயிலில் தகதகவென்று கிடந்தது. எனக்கு அதை ரசிக்கிற நிலை இல்லை. முழங்கால் வலித்தது.

யோகேஸ்வரியின் அப்பா அப்போதுதான் எழுந்து வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்க்குக்குப் பதிலாக என்று நினைத்தேன். வெட்கப்படுகிறார் என்று பிறகுதான் விளங்கியது.

"மிஸ், என்னாலதான் புள்ளைக்குப் பேரு கெட்டுப் போச்சு. நான் வேணும்னா அந்தப் புள்ளைங்க எல்லார்கிட்டயும் பேசுறேங்க. கொறட்ட என்னோடதுன்னு சொல்றேன்."

அதெல்லாம் வேண்டாம், யோகேஸ்வரி எங்கே என்று கேட்டேன். பிள்ளைக் காம்பராவில் இருக்கிறாள் என்றார். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே சிக்னல் நன்றாக இருப்பதால் மத்தியானம் போய்ப் படிப்பதாகச் சொல்லி, தானே கூட்டிக்கொண்டு போனார்.

பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிற ஆயாவின் பெயர் சிவகாமி. என் வயதுதான் இருக்கும். நாங்கள் வருவதைக் கண்டதும் வாசலுக்கு ஓடிவந்து, உதட்டில் விரலை வைத்துச் சத்தம் போடாமல் வரச் சொன்னார். நான் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன்.

சேலைத் தொட்டில்களில் கைக்குழந்தைகள். பாய்களில் கொஞ்சம் பெரிய பிள்ளைகள், கால் மேல் காலும் கை மேல் கையுமாக. எல்லோரும் தூக்கம். ஓரத்தில், சுவரோடு ஒட்டி, அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக யோகேஸ்வரி. ஒரு சின்னப் பையனின் பாதம் அவள் காதில் இருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நினைத்ததைவிடச் சின்ன முகம்.

அறைக்குள் யாரோ ஒரு பெண் மெதுவாக, ஒரே சுதியில் பேசிக்கொண்டிருந்தாள். வானொலி என்று நினைத்தேன். நோயாளி உடலுக்குள் போகிற நீரின் அளவையும் வெளியேறுகிற நீரின் அளவையும் ஏன் பதிய வேண்டும் என்று அந்தக் குரல் விளக்கியது. எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. அவள் நெஞ்சின் மேல் கிடந்த போனிலிருந்து வந்தது என் குரல்தான்.

சிவகாமி என்னை வெளியே கூட்டிவந்து உட்கார வைத்தார். "கோவிச்சுக்காதீங்க மிஸ். இவ்வளவு நாளும் இந்தப் புள்ளைங்கள மத்தியானம் தூங்க வைக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போயிரும். இந்தப் பொண்ணு வந்து ஒங்க பாடத்தப் போடத் தொடங்குனப்பொறம் பாருங்க, தொட்டில ஆட்டவே வேண்டியதில்ல. மொதல்ல கைப்புள்ளைங்க, அப்பறம் பெரிசுங்க, கடைசியா இது. நானுந்தான் ரெண்டு மூணு நாள் சாஞ்சுட்டேன்."

யோகேஸ்வரியின் அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்கும் அதற்கு மேல் தாங்கவில்லை. பிள்ளைகள் எழும்பிவிடும் என்று பயந்து, கொஞ்சத் தூரம் நடந்துபோய்த் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். நாடு மூடிய நாளிலிருந்து அப்படி நான் சிரித்ததில்லை.

அவளை எழுப்பட்டுமா என்று சிவகாமி கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் பாலில்லாத சாயத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார், சீனியைக் கையில் வைத்துக் கடித்துக்கொண்டு குடித்தோம். பிள்ளைகள் எழும்பும்வரை அங்கேயே இருந்தேன். முதலில் ஒரு குழந்தை அழுதது. பிறகு எல்லாம் எழுந்தன. யோகேஸ்வரியும் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். என்னைக் கண்டதும் விறைத்து நின்றுவிட்டாள். திரையில் பார்த்த முகம் வாசலில் உட்கார்ந்து சாயம் குடித்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

"நூத்தி இருவத்தஞ்சு மில்லிகிராம் வேணும். அஞ்சு மில்லியில எரநூத்தி அம்பது இருக்கு. எவ்வளவு குடுப்ப?" என்று கேட்டேன்.

"ரெண்டரை மில்லி மிஸ்." யோசிக்கவே இல்லை.

இன்னொன்று கேட்டேன். சொன்னாள். டிரிப் எத்தனை துளி ஓட வேண்டும் என்று கொஞ்சம் சிக்கலான கணக்கைக் கொடுத்தேன். கண்ணை மூடி, விரலை மடக்கி, சரியாகச் சொன்னாள். அவள் அப்பா ஒவ்வொரு விடைக்கும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானத் தூக்கம் என்ன செய்யும் என்பதை எத்தனையோ வருடம் லெக்சரில் சொல்லியிருக்கிறேன். கண்முன்னால் கண்டது அன்றுதான்.

4. அரிசிப் பானையில் ஒரு போன்

மறுநாள் வகுப்பில் பாடம் எடுக்கவில்லை. நேற்று எங்கே தூங்கினீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்று மட்டும் கேட்டேன். யோகேஸ்வரிதான் முதலில் கெமராவைப் போட்டு, தன் வீட்டுக் கதையைத் தானாகவே சொன்னாள். குறட்டை யாருடையது என்பதையும் சொன்னாள், அப்பாவின் அனுமதியோடு. அதன்பிறகு ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகக் கெமராக்கள் திறந்தன.

நல்லதண்ணிப் பெண் ஒருத்தி சிக்னலுக்காக மேட்டில் ஏறிக் குடைக்குக் கீழே உட்கார்ந்து படிப்பதாகவும், நனைந்த உடுப்போடு வந்து படுத்தால் குளிரில் தூக்கம் வருவதில்லை என்றும் சொன்னாள். எல்லாமே இல்லாமையால் வந்த தொல்லை என்று நான் முடிவுகட்டப் போகும்போது ரிஸ்னா பேசினாள். ஹற்றன் டவுனில் அவள் வாப்பாவுக்குப் புடைவைக் கடை. தனி அறை, தனிக் கட்டில், வீட்டில் வைஃபை.

"எனக்கு எல்லாம் இருக்கு மிஸ். ஆனா தூக்கம் மட்டும் வருதில்ல. லெக்சர் பார்த்து முடிஞ்சதும் போன வைக்கத்தான் நினைப்பன். வைக்க மாட்டன்."

அவள் உண்மையைச் சொன்னதால் வகுப்பே கலகலத்தது. பாதிப் பேருக்கு அதே வியாதி. அன்றே ரிஸ்னாவின் உம்மா ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். இராச் சாப்பாடு முடிந்ததும் போனை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிடுவார். ஒரு வாரத்தில் ரிஸ்னாவின் கண் தெளிந்தது. ஒருநாள் அரிசி களையும்போது போனையும் சேர்த்துக் களைந்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

இவ்வளவையும் எடுத்துக்கொண்டு பிரின்சிபல் மெடத்திடம் போனேன். லெக்சரைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, டேட்டா தின்னாத குரல் பதிவாக அனுப்ப வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போய், லயம் அடங்கிய பிறகே வகுப்பைத் தொடங்க வேண்டும். மாலைக்குப் பிறகு யாரும் எந்த வேலையும் அனுப்பக் கூடாது. இவைதான் நான் கேட்டவை.

அவர் ஒப்பவில்லை. தாதி என்றால் தூக்கத்தை விட்டுக்கொடுக்கப் பழக வேண்டும், நாளைக்கு நைட் டியூட்டியில் நிற்கும்போது என்ன செய்வார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் ஒன்று மட்டும் கேட்டேன். "மெடம், உங்கள் வார்டில் நைட் டியூட்டி முடித்த நர்ஸைக் காலை டியூட்டியிலும் நிறுத்தி, அன்று இரவும் மறுபடி நிறுத்தி, அவள் கையில் குழந்தைக்கு மருந்து அளக்கக் கொடுப்பீர்களா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். ஒருபோதும் கொடுக்க மாட்டேன் என்றார். பிறகு, சரி, செய்யுங்கள், ஆனால் இரண்டாவது மதிப்பீட்டில் அந்தப் பெண்ணை நானே நேராகக் கேள்வி கேட்பேன், கெமரா திறந்திருக்க வேண்டும் என்றார்.

மதிப்பீட்டு நாளில் நானும் ஒன்லைனில் சேர்ந்துகொண்டேன். யோகேஸ்வரி பிள்ளைக் காம்பராவின் பின்னறையில் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை இழுத்துப் பின்னி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மெடம் ஒவ்வொரு கணக்காகக் கொடுத்தார். அவள் எழுதிக் காட்டினாள். நடுவில் ஒரு குழந்தை எங்கிருந்தோ தவழ்ந்து வந்து அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, திரையில் தெரிந்த மெடத்தை முறைத்துப் பார்த்தது. பின்னால் சிவகாமியின் கை மட்டும் தெரிந்தது, குழந்தையைப் பிடிக்க வந்த கை.

"இருக்கட்டும், விடுங்க" என்றார் மெடம், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில். அடுத்த கணக்கில், மடியில் இருந்த அந்தக் குழந்தையையே நோயாளியாக்கினார். இவனுக்கு என்ன வயது இருக்கும், என்ன எடை இருக்கும், எவ்வளவு மருந்து கொடுப்பாய்? யோகேஸ்வரி குழந்தையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். எடையை உத்தேசமாகச் சொல்லி, நிறுத்துப் பார்க்காமல் கொடுக்க மாட்டேன் மெடம் என்றாள். பிறகுதான் கணக்கைப் போட்டாள். புள்ளி அதன் இடத்தில் இருந்தது.

அடுத்த பேட்ச் என்ற பேச்சு அதன்பிறகு எழவில்லை. என் சின்னக் குரல் பதிவுகளைப் பற்றி மட்டும் சிவகாமியிடமிருந்து ஒரு முறைப்பாடு வந்தது. பாடம் இப்போது சட்டென்று முடிந்துவிடுகிறதாம், பிள்ளைகள் பாதியில் முழித்துக்கொள்கின்றனவாம்.

5. ஒட்டிப் போட்ட கட்டில்கள்

கல்லூரி திறந்து, பிள்ளைகள் விடுதிக்கு வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் தனிக் கட்டில், மெத்தை, போர்வை. இனித் தூக்கத்தைப் பற்றிக் கவலை இல்லை என்று நான் இருந்தேன்.

ஒரு வாரத்தில் தூக்கமில்லாமல் யோகேஸ்வரியின் கண் சிவந்தது. என்னம்மா என்று கேட்டேன். சொல்லக் கூச்சப்பட்டாள். பிறகு, "எடம் ரொம்பப் பெருசா இருக்குங்க மிஸ். ஒரு சத்தமும் இல்ல. பக்கத்துல ஆள் இல்லாம தூங்கிப் பழக்கமில்ல" என்றாள். சத்தமில்லாத, இருட்டான, தனிமையான அறை நல்ல தூக்கத்துக்கு வேண்டும் என்று அத்தனை வருடம் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். புத்தகத்தில் இருந்தது அது. இந்தப் பெண் பிறந்ததிலிருந்து அம்மாவுக்கும் தங்கைக்கும் நடுவில் படுத்தவள் என்பது புத்தகத்தில் இல்லை.

அவர்களே ஒரு வழி கண்டார்கள். யோகேஸ்வரியும் ரிஸ்னாவும் நல்லதண்ணிப் பெண்ணும் தங்கள் கட்டில்களை இழுத்து ஒன்றாக ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். ரிஸ்னாவுக்குத் தனியாகப் படுத்துத்தான் பழக்கம். ஆனாலும் ஒப்புக்கொண்டாள். பக்கத்தில் ஆள் இருந்தால் போனை எடுக்க வெட்கமாக இருக்கிறதாம். மூவரும் நன்றாகத் தூங்கினார்கள்.

விடுதிப் பொறுப்பாளர் இதைக் கண்டுவிட்டார். கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி, அதுவும் கொரோனா முற்றாக ஓயாத நேரம். அவர் முறைப்பாடு செய்ததில் தவறில்லை. நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று பிரின்சிபல் மெடம் என்னையும் கூட்டிக்கொண்டு விடுதிக்கு வந்தார். போகிற வழியெல்லாம், விதி என்றால் விதிதான் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இளம் டியூட்டர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகவே நான் கற்றுக்கொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தூங்கி விழுந்தால், பாடத்தில் கவனமில்லை என்று எழுதி வைக்குமுன், அவள் எங்கே தூங்குகிறாள், யாரோடு தூங்குகிறாள், அவள் தூங்க வேண்டிய நேரத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். எடுத்துக்கொள்பவர்கள் பல சமயம் நாமாகவே இருப்போம், நாம் கொடுக்கிற வேலையாகவே இருக்கும். கேட்டாலும் எல்லோருக்கும் ஒரே மருந்து பொருந்தாது. ஒருத்திக்கு அரிசிப் பானை, இன்னொருத்திக்குப் பக்கத்தில் ஒரு ஆள். நோயாளியைத் தனித்தனியாகப் பார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நாம், பிள்ளைகளையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் விடுதிக்குப் போனபோது முற்பகல். மூவருக்கும் ஆஸ்பத்திரியில் முதல் நைட் டியூட்டி முடிந்திருந்தது. அறைக் கதவு திறந்தே கிடந்தது. ஜன்னலில் ஒரு சேலையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தார்கள். சீருடைகள் ஆணியில் தொங்கின. ஒட்டிப் போட்ட கட்டில்களில் மூவரும் ஒரே போர்வைக் குவியலாக, வாயைத் திறந்துகொண்டு, அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்கள்.

மெடம் வாசலில் நின்றார். விடுதிப் பொறுப்பாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெடம் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கட்டில்களைப் பார்த்தார், முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு வார்டைச் சுற்றி வரும் சிஸ்டரின் பார்வை அது. நோயாளிகள் எல்லோரும் நலம் என்றால் அந்த முகத்தில் ஒரு இளக்கம் வரும். அது வந்தது.

பிறகு குனிந்து, குதி உயர்ந்த தன் சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு, சத்தமில்லாமல் நடந்து போனார். நானும் என் செருப்பைக் கழற்றிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.